பங்குனிப் பூக்கள்: கேட்டதும் சொன்னதும்

வெயில் ஏறிவிட்டது, வீட்டுத் தோட்டங்களில் மொட்டும் ஏறுகிறது. பூச்செடி பற்றி மட்டும் கேளுங்கள். நெல், தென்னை எல்லாம் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, மாடித் தொட்டியில் குண்டுமல்லி. இலை தளதளவென்று வருகிறது, மொட்டு ஒன்றுகூட இல்லை.

கவாத்து செய்திருக்க மாட்டீர்கள். மல்லி பழைய குச்சியில் பூக்காது, புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். கார்த்திகைக் கடைசியில் மழை ஓயும்போது தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால், மாசி, பங்குனியில் பூ வரத் தொடங்கும். அதை விட்டுவிட்டோமே என்று இப்போது கத்தரியை எடுக்காதீர்கள். இந்த வெயிலில் அடியோடு வெட்டினால் செடி திணறும். நுனியில் இரண்டு கணு மட்டும் கிள்ளிவிட்டு, நாள் முழுக்க வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். தளதளவென்று இருப்பது நல்ல அறிகுறி இல்லை. யூரியா போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள்.

வள்ளியூர்: பிச்சி இலை வெளிறுகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. உங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் அது வேர் எடுக்க முடியாத நிலையில் கட்டுண்டு கிடக்கிறது. அதனால் வேரில் உரம் கொட்டிப் பயனில்லை, இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தணிந்த பிறகு தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. கல்தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது, பிறகு வீட்டில் என் பெயரைச் சொல்லாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க வழியிருந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால், துளை வழியாக வடியும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவுங்கள்.

பேட்டை: மல்லியில் மொட்டே இல்லை, என்ன உரம் போடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மகாராஜநகர்: ஆன்லைனில் துலிப் கிழங்கு வாங்கினேன். எப்போது நடலாம்?

அதற்குப் பல வாரக் குளிர் வேண்டும். நம் ஊரில் மார்கழியிலேயே மின்விசிறி ஓடுகிறது. பணம் போனது போனதுதான்.

கல்லிடைக்குறிச்சி: மனோரஞ்சிதம் பூக்கத் தொடங்கியிருக்கிறது. வாசத்துக்குப் பாம்பு வரும், வெட்டிப்போடு என்கிறார் மாமியார்.

வெட்டாதீர்கள். பாம்பு பூ வாசத்துக்கு வருவதில்லை. அது நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடிப்பது எலியையும் தவளையையும். மனோரஞ்சிதப் பூ பச்சையாக இருக்கும்போது வாசமே இருக்காது, மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் மணக்கும். பாம்பு அதுவரை காத்திருக்குமா?

முக்கூடல்: அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணாச்சி. எங்கள் வீட்டுப் பிச்சிக் கொடியிலேயே பாம்பு கிடந்தது, கண்ணால் பார்த்தோம்.

பார்த்திருப்பீர்கள், மறுக்கவில்லை. கொடிக்குள் நிழல், ஈரம், பல்லி, ஓணான் எல்லாம் இருக்கிறது. பச்சையாக, ஒல்லியாக இருந்ததா?

முக்கூடல்: ஆமாம், கண்கொத்திப் பாம்பு.

பச்சைப்பாம்பு. கண்ணைக் கொத்தும் என்பது கட்டுக்கதை. ஓணான் பிடிக்க வந்திருக்கும்.

அம்பாசமுத்திரம்: பெரியவர்கள் சொன்னது எல்லாம் பொய்யா?

பெரியவர்கள் அடர்ந்த கொடிப் பக்கம் இருட்டில் போகாதே என்றார்கள், அது சரி. வாசத்தின் மேல் பழி போட்டதுதான் சரியில்லை. கொடியின் அடிப்பகுதியில் ஒரு அடி உயரத்துக்கு இலையை எடுத்துத் தரை தெரியும்படி வையுங்கள். செங்கல் குவியல், தேங்காய் மட்டையை அகற்றுங்கள். இருட்டில் பூப்பறிக்கப் போனால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். மீறிக் கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. சரி, பூவுக்கு வருவோம்.

மேலப்பாளையம்: செம்பருத்தி மொட்டில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.

மாவுப்பூச்சி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் மட்டும், இல்லையென்றால் இலை கருகும். கடும் விஷம் வேண்டாம். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வாரிச் சுருட்டியது. மருந்தடித்து ஓய்ந்துபோனார்கள். 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட குட்டிக் குளவிதான் அதை அடக்கியது. நீங்கள் விஷம் அடித்தால் முதலில் சாவது அந்த மாதிரிக் குளவிகள். எறும்பையும் கவனியுங்கள், மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பதே அதுதான்.

சேரன்மகாதேவி: கொன்றை நட்டு மூன்று வருடம். சித்திரைக்குப் பூக்குமா?

விதையில் வந்த கன்று என்றால் இன்னும் சில வருடம் ஆகும்.

தச்சநல்லூர்: காகிதப்பூவில் இலைதான் வருகிறது.

தண்ணீரைக் குறையுங்கள். வாடப் போகிறது என்னும்போது ஊற்றினால் போதும்.

களக்காடு: மல்லியை இப்போது கவாத்து செய்யலாமா?

கூடாது. மூன்றாவது முறை சொல்கிறேன் என்று நினைக்கிறேன். கூடாது.

முக்கூடல்: கடைசியாக ஒன்று அண்ணாச்சி. நாகலிங்க மரம் வைத்தால் பாம்பு வருமா?

விடமாட்டீர்கள் போல. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம், நம் ஊர் நாகத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. பூ அடிமரத்திலேயே பூக்கும், மணமும் அருமை. ஆனால் காய் பீரங்கிக் குண்டு அளவுக்கு வளர்ந்து தானாக விழும். இடம் இருந்தால் வையுங்கள், வண்டி நிறுத்தும் இடத்தில் மட்டும் வேண்டாம்.