ஊரடங்கு வழக்கு இன்னும் பெயரில் நிற்கிறதா?

கேள்வி: 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, அம்மாவுக்கு மாத்திரை வாங்க ஏற்காட்டிலிருந்து சேலம் வந்தேன். அடிவாரத்தில் பைக்கைப் பிடித்து, அரசு உத்தரவை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டம் 188-ல் வழக்குப் போட்டார்கள். இப்போது துபாய் வேலைக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். ஐயாயிரம் கொடுத்தால் வழக்கை எடுத்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள், தம்பி. ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்துவிட்டார். உங்களுடையதும் அந்த ரகம்தான். மேடையில் சொன்னது ஸ்டேஷன் ஏட்டில் ஏறியதா என்பதை மட்டும் நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். கோர்ட் வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டும் தேடலாம், இலவசம்.

கோர்ட்டுக்கே போகாத வழக்கா? 188-க்கு அதிகபட்சம் ஆறு மாதம்தான் தண்டனை. பொதுவாக அதை ஒரு வருஷத்துக்குள் கோர்ட் எடுத்திருக்க வேண்டும். இனி அதில் பெரும்பாலும் உயிர் இல்லை.

புரோக்கர் என்ன செய்வார் தெரியுமா? “ஐந்நூறு ஃபைன் கட்டினால் முடிந்தது” என்று அஸ்தம்பட்டி கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்த் தலையாட்ட வைப்பார். முடிவதில்லை, குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். என்னிடம் ஒரு பையன் அந்த ரசீதை லேமினேட் செய்து கொண்டுவந்தான். தனக்கு எதிரான தீர்ப்பையே லேமினேட் செய்திருந்தான், பாவம்.

வன்முறையில் இறங்கியவர்கள், போலீஸைப் பணி செய்ய விடாமல் தடுத்தவர்கள், மோசடியாக இ-பாஸ் (ஊரடங்கில் பயணிக்க அரசு தந்த அனுமதி) வாங்கியவர்கள் ஆகியோருக்கு இந்தச் சலுகை இல்லை. உயிரோடிருக்கும் பாட்டியைச் சாகடித்து, துக்க காரியம் என்று பாஸ் எடுத்து ஏற்காட்டில் குளுகுளுவென்று கிடந்தவர்கள் உண்டு. அடுத்தவர் பாஸில் தேதியைத் திருத்தியவர்களும் உண்டு. உங்களிடம் பாஸே இல்லை. அது மீறல், மோசடி அல்ல. இரண்டையும் குழப்பித்தான் உங்களைப் பயமுறுத்துவார்கள்.

ஜப்பானில் 2020 ஏப்ரலில் அவசரநிலை அறிவித்தபோது, வெளியே வந்தால் அபராதம் என்றே சட்டத்தில் இல்லை. கேட்டுக்கொண்டார்கள், பெரும்பாலோர் அடங்கியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், சீட்டில் விவரம் போதவில்லை என்று 2022-ல் சுமார் 33,000 அபராதங்களை ரத்து செய்து, கட்டிய பணத்தையும் திருப்பினார்கள். இங்கே, கைவிட்டோம் என்று, வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவருக்குக்கூட ஒரு எஸ்எம்எஸ் வந்ததில்லை. அடுத்த தடவை எவன் நம்பி வீட்டில் இருப்பான்?

சரி, உங்கள் விஷயம். கோர்ட்டில் நிலுவை என்று தெரிந்தால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்; கோர்ட் அனுமதியோடு எடுக்க வழி உண்டு. பைக்கைத் திருப்பித் தந்தபோது கொடுத்த காகிதம் இருந்தால் தேடி எடுங்கள். எஃப்ஐஆர் எண் அதில் இருக்கலாம்.