அரியணையில் ஒரு சிறுவன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் எழுதிவரும் மிகைபுனைவு நாவலில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் அரியணை ஏறுகிறான், அவனை ஆட்டிவைப்பவர் தலைமை அமைச்சர். படித்துப் பார்த்த நண்பர்கள், “இவ்வளவு வலிமையுள்ள அமைச்சர் தானே முடிசூடிக்கொள்ளலாமே, இந்தச் சிறுவன் எதற்கு?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: அந்தக் கேள்விக்கான விடை நாவலுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அமைச்சரிடம் படையும் பணமும் இருக்கலாம். ஆனால் எல்லைப்புறத் தளபதிகளும் குறுநிலத் தலைவர்களும் சத்தியம் செய்து கொடுத்திருப்பது சிறுவனின் குலத்துக்கு. அவர் முடிசூடிக்கொண்ட மறுநாளே, அவருக்கு நிகரான பத்துப் பேர் தங்களுக்கும் அந்தத் தகுதி உண்டென்று கிளம்பிவிடுவார்கள். விஜயநகரத்தில் 1542 முதல் சதாசிவராயர் பெயரளவில் அரசராக இருக்க, ஆட்சி முழுவதும் கிருஷ்ணதேவராயரின் மருமகனான ராமராயரின் கையில் இருந்தது. அப்போதும் கல்வெட்டுகள் சதாசிவராயரின் பெயரில்தான் வெட்டப்பட்டன. ஜப்பானில் ஃபுஜிவாரா குடும்பத்தார் தங்கள் பெண்களைப் பேரரசர்களுக்கு மணமுடித்து, பிறந்த பேரனைச் சிறுவயதிலேயே அரியணையில் அமர்த்தி, தாய்வழித் தாத்தா என்ற உரிமையில் தலைமுறை தலைமுறையாக ஆண்டார்கள். அந்த அரியணையில் தாங்கள் அமர அவர்கள் முயலவே இல்லை.

உங்கள் உலகில் மாயம் உண்டென்றால் அதை இந்த இடத்தில் பயன்படுத்துங்கள். அரச குருதி உள்ள கை பட்டால்தான் கோட்டையின் காவல் விளக்கு எரியும் என்று ஒரு விதி இருந்தால், அமைச்சருக்குச் சிறுவன் உயிரோடு தேவைப்படுகிறான். தான் தேவைப்படுகிறோம் என்பது அவனுக்கே புரியும் நாளிலிருந்து கதையின் போக்கு மாறும்.

கேள்வி: சிறுவன் பொம்மை அரசன் என்பதைக் காட்ட, அமைச்சர் அவனை மிரட்டும் காட்சிகளையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. மிரட்டலை நாவல் முழுவதிலும் ஒருமுறைக்கு மேல் எழுதாதீர்கள் என்றுகூடச் சொல்வேன். ஒரு சிறுவனை ஆட்டிவைக்கும் கயிறுகள் அன்றாடத்தில் இருக்கின்றன: அரச முத்திரை யாரிடம் இருக்கிறது, கருவூலச் சாவி யாரிடம், அவன் அறைக்குள் யாரை விடுவது என்று தீர்மானிப்பவர் யார், அவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரை நியமித்தவர் யார்?

இங்கிலாந்தின் ஆறாம் எட்வர்டு 1547-ல் 9 வயதில் அரசரானார். மூத்த தாய்மாமன், சாமர்செட் பிரபு என்ற பட்டத்தோடு காப்பாட்சியராக இருந்து, சிறுவனின் கைச்செலவுப் பணத்தை இறுக்கிப் பிடித்தார். இளைய மாமன் தாமஸ் சீமோர், அரண்மனைப் பணியாளர் ஒருவர் வழியாக இரகசியமாகப் பணம் கொடுத்தனுப்பி அவனுடைய அன்பைப் பெறப் பார்த்தார். ஒரு நாட்டுக்கே அரசன், தன் பணியாளர்களுக்குப் பரிசு கொடுக்கக் கையில் காசில்லாமல் மாமனிடம் கேட்டு வாங்குகிறான். பத்து மிரட்டல் காட்சிகள் சொல்லாததை இது சொல்லிவிடுகிறது. இரண்டு மாமன்களும் பின்னர் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார்கள். மூத்தவர் 1552 ஜனவரியில் இறந்ததைப் பற்றி, காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அவருடைய தலை வெட்டப்பட்டது என்று மட்டுமே தம் நாட்குறிப்பில் எழுதினார், 14 வயது எட்வர்டு. அந்த வரியை முதன்முறை படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. துயரமே இல்லையா, அல்லது துயரத்தை எழுதக் கூடாதென்று அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டானா? அப்படி ஒரு கேள்வியை உங்கள் சிறுவனும் வாசகருக்குள் எழுப்ப வேண்டும்.

காட்சியாக எழுதும்போது இன்னும் நெருங்கிச் செல்லுங்கள். ஆணையோலை நீட்டப்படுகிறது, சிறுவன் அதைப் படிக்கக் குனிகிறான், எழுத்தர் மிகுந்த பணிவோடு உள்ளங்கையால் மேல்வரிகளை மறைத்தபடி, “இங்கே, அரசே” என்று கீழே உள்ள வெற்றிடத்தைக் காட்டுகிறார். யாரும் குரலை உயர்த்தவில்லை.

கேள்வி: ஆட்டிவைப்பவர் நல்லவராகவும் இருக்கலாமா?

பதில்: தாராளமாக. 1556-ல் 13 வயதில் அரியணையேறிய அக்பருக்காகப் போரை நடத்தி, பேரரசைக் காத்துக் கொடுத்தவர் பைராம் கான். அவரையே 1560-ல் அக்பர் பதவியிலிருந்து விலக்கினார். கொடியவரை வீழ்த்துவதைவிட, நன்றிக்குரிய ஒருவரை விலக்கும் காட்சியை எழுதுவது கடினம். முடிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கடைசி அத்தியாயத்தில் சிறுவனுக்குள் மாய ஆற்றல் விழித்தெழுந்து எல்லோரையும் வெல்வதாக முடிக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விடுதலை வெளியிலிருந்து வந்து விழுந்தால், அதுவரை அவன் அனுபவித்த அடக்குமுறைக்குக் கதையில் வேலையே இல்லாமல் போகும். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டைப் பாருங்கள். 1327-ல் 14 வயதில் அரசரான அவரை, தாய் இசபெல்லாவும் அவருடைய காதலரான ரோஜர் மார்ட்டிமரும் ஆட்டிவைத்தார்கள். தம் பெயரில் போகும் கடிதங்கள் தம்முடையவை அல்ல என்று தெரிந்த அந்த இளைஞர், நம்பிக்கையான நண்பர் ஒருவர் வழியாகப் போப்பாண்டவரோடு ஒரு குறியீட்டை ஏற்படுத்திக்கொண்டார்: “புனிதத் தந்தையே” என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள் தம் கையெழுத்தில் இருக்கும் கடிதங்கள் மட்டுமே தம் உண்மையான விருப்பம். முத்திரை பிறர் கையில். கையெழுத்து மட்டும் தன் கையில். 1330 அக்டோபரில், 18 வயது நிறையச் சில வாரங்களே இருந்தபோது, நண்பர்கள் நாட்டிங்காம் கோட்டைக்குள் சுரங்கப் பாதை வழியாக இரவில் நுழைந்து மார்ட்டிமரைச் சிறைப்பிடித்தார்கள்.

எல்லோருக்கும் இப்படி வாய்த்துவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சீனத்தின் ஹான் வமிசத்துக் கடைசிப் பேரரசர் சியான், தளபதி சாவ் சாவின் பிடியில் இருந்தபோது, கச்சைக்குள் மறைத்து ஓர் இரகசிய ஆணை வெளியே கொடுத்தனுப்பப்பட்டதாக வரலாறு கூறுகிறது. 200-ஆம் ஆண்டில் சதி வெளிப்பட்டது; உடந்தையானவர்கள் கொல்லப்பட்டார்கள்; பேரரசரோ 220 வரை அதே அரியணையில் அமர்த்தி வைக்கப்பட்டிருந்தார். இப்படியும் உங்கள் நாவல் முடியலாம்.

எந்த முடிவை எடுத்தாலும், சிறுவன் தனக்கென்று வைத்திருக்கும் அந்த ஒன்றை, அது கையெழுத்தோ, ஒரு பாட்டோ, பணியாளரின் மகனோடு பேசும் சைகை மொழியோ, முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் வாசகர் கண்ணில் படும்படி எழுதிவிடுங்கள். அமைச்சர் அதைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் கடந்து போகட்டும்.