மரபும் வளர்ப்பும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'ஜீன் எத்தனை சதவீதம், வளர்ப்பு எத்தனை சதவீதம்' என்றே கேட்கின்றன. அதற்கான பதில் நடுவில் நீளமாக இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம்.

கேள்வி: ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்குக் கைரேகையும் ஒன்றாக இருக்குமா?

பதில்: இருக்காது. சாயல் இருக்கும், ஆனால் பிரித்துச் சொல்லிவிடலாம். விரல் நுனி வரிகள் கருவின் மூன்றாம், நான்காம் மாதங்களில் உருவாகின்றன. விரல் வளரும் வேகம், கருப்பைக்குள் குழந்தை கிடக்கும் விதம் எல்லாம் அதில் கை வைக்கும். சூழல் என்றால் பிறந்த பிறகு வருவது என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: கர்ப்ப காலத்தில் மொசார்ட் இசை கேட்டால் குழந்தைக்கு அறிவு கூடுமா?

பதில்: கூடாது. 1993-இல் வந்த மூல ஆய்வில் கர்ப்பிணியும் இல்லை, குழந்தையும் இல்லை. முப்பத்துச் சொச்சம் கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் இசை கேட்டார்கள். அப்புறம் காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி விரியும் என்பது போன்ற கேள்விகளுக்குக் கொஞ்சம் நன்றாகப் பதில் சொன்னார்கள். அதுவும் கால் மணி நேரத்தில் கரைந்துபோனது. இசை பிடித்தால் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கருவின் மூளைக்கு நிஜமாகவே வேண்டியவை அயோடினும் ஃபோலிக் அமிலமும். ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் போதவில்லை.

கேள்வி: என் மகனுக்குக் கணக்கு வரவில்லை. திறமையைக் காட்டும் ஜீன் பரிசோதனை எடுக்கலாமா?

பதில்: வயது எழுதவில்லை, வகுப்பு எழுதவில்லை. வராதது கூட்டலா, இயற்கணிதமா என்றும் தெரியவில்லை. இதை வைத்து நான் என்ன சொல்ல? ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். கணக்குக்கென்று தனி ஜீன் எதுவும் கிடையாது. அளவுகோல் வைத்து அளந்துவிடக்கூடிய உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலைத் திரட்டி 2022-இல் வந்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள சுமார் 12,000 வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. முதலில் பையனின் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கணக்கு எப்படி வரும்?

கேள்வி: விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்கிறார்களே, ஒரு வயதிலேயே குழந்தையின் புத்திசாலித்தனத்தைக் கணித்துவிடலாமா?

பதில்: முடியாது. இரண்டு வயதுக்கு முன் எடுக்கும் வளர்ச்சிச் சோதனைகள் தாமதத்தைக் கண்டுபிடிக்க உதவும். பிற்கால அறிவுத்திறனைச் சொல்வதில் மிக மோசம்.

கேள்வி: உயரம் 80 சதவீதம் மரபு என்று படித்தேன். என் மகள் 160 செ.மீ. அப்படியானால் 128 செ.மீ. ஜீன் கொடுத்தது, மீதி 32 செ.மீ. நாங்கள் ஊட்டி வளர்த்ததா?

பதில்: மாட்டினீர்கள். பெருக்கல் சரி, மற்ற எல்லாம் தப்பு. இதே கணக்கைப் படித்தவர்களும் போடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே திட்டுகிறேன்.

அந்த 80 உங்கள் மகளைப் பற்றியதே அல்ல. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உயரம் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதுதான் அந்த எண். அதுவும் அந்தக் கூட்டத்துக்கு, அந்தச் சூழலுக்கு மட்டும். எல்லாருக்கும் நல்ல சாப்பாடு கிடைத்தால் சாப்பாட்டால் வரும் வித்தியாசம் குறையும், மரபுப் பங்கு தானாக ஏறும். பாதிப் பேர் பட்டினி கிடந்தால் அதே எண் இறங்கும். ஜீன் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கையில் ஐந்து விரல் முளைப்பதற்குக் காரணம் மரபணு. ஆனால் பெரியவர்களிடையே விரல் எண்ணிக்கை வேறுபடுவது பெரும்பாலும் விபத்தால். ஆகவே அந்த வேறுபாட்டின் மரபுப் பங்கு ஏறத்தாழப் பூஜ்யம்! இதிலிருந்து விரலுக்கும் ஜீனுக்கும் சம்பந்தமில்லை என்பீர்களா?

மரபுப் பங்கு அதிகம் என்றால் மாற்ற முடியாது என்பது அடுத்த மூடநம்பிக்கை. தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் சுமார் 20 செ.மீ. கூடியது. நூறு வருடத்தில் ஜீன்கள் அந்த அளவுக்கு மாறாது. மாறியது சாப்பாடும் சுகாதாரமும்தான்.

1958-இல் கனடாவில் கூப்பர், சுபெக் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையைச் சொல்லாமல் விட மனமில்லை. புதிர்ப்பாதையில் சட்டென்று வழி கண்டுபிடிக்கும் எலிகள் ஒரு வம்சம், தடுமாறும் எலிகள் இன்னொரு வம்சம். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தவை. வழக்கமான கூண்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். வெறும் கூண்டில் அடைத்து வளர்த்தபோது கெட்டிக்கார வம்சமும் மற்றதைப் போலவே தடுமாறியது. விளையாட்டுச் சாமான்கள் நிறைந்த கூண்டில் வளர்த்தபோது மந்த வம்சம் கிட்டத்தட்ட மற்றதை எட்டிப் பிடித்தது. இப்போது சொல்லுங்கள், எலியின் புத்தியில் ஜீன் எத்தனை சதவீதம்? எந்தக் கூண்டில் என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. அடுத்த முறை சதவீதம் கேட்டு எழுதுகிறவர்கள் கூண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: மரபு நோய் என்றாலே கைவிட வேண்டியதுதானா?

பதில்: பீனைல்கீட்டோனூரியாவைப் பாருங்கள். அது முழுக்க ஜீன் கோளாறு. பீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடல் சரியாகச் சிதைக்காது, அது சேர்ந்து மூளையைக் கெடுக்கும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, அந்த அமிலம் குறைந்த உணவை உடனே தொடங்கினால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். எல்லா மரபு நோய்க்கும் இப்படி வழி இல்லை. ஆனால் மருத்துவரைக் கேட்காமல் கைவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்கு மாறுகண். வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.

பதில்: இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். பிறந்த முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது விலகலாம், இரண்டு வயதில் அப்படி விடக் கூடாது. பார்க்கக் கற்றுக்கொள்ள மூளைக்கு ஒரு பருவம் உண்டு. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரம் மூடிவைத்தால், திறந்த பிறகும் மூளை அந்தக் கண்ணைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதில்லை என்று ஹியூபெலும் வீசலும் காட்டினார்கள். 1981-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். மாமியாரிடம் அதையும் சொல்லலாம்.

கேள்வி: நான் பத்து வருடமாக உடற்பயிற்சி செய்து உடம்பை ஏற்றியிருக்கிறேன். என் பிள்ளைக்கும் அந்தத் தசை வருமா?

பதில்: வராது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மன் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார், குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. உங்களைப் பார்த்துப் பிள்ளையும் உடற்பயிற்சி செய்தால் வரும்.

கேள்வி: செல்லப் பூனையைக் குளோனிங் செய்தால் அதே பூனை திரும்பக் கிடைக்குமா?

பதில்: நிறம்கூடக் கிடைக்காமல் போகலாம். 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனையின் மூலப் பூனை மூன்று நிறம் கலந்தது. குட்டியிடம் ஆரஞ்சு நிறமே இல்லை. ஆரஞ்சு நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடும், எந்தச் செல்லில் எது என்பது அதிர்ஷ்டம்.

கேள்வி: நானும் கணவரும் இடது கைப் பழக்கம். குழந்தையும் அப்படித்தானா?

பதில்: வலது கையாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். பெற்றோர் இருவரும் இடது கைக்காரர்களாக இருந்தாலும் சுமார் நாலில் ஒரு பிள்ளைதான் அப்படி. எந்தக் கையானாலும் அடித்து மாற்றாதீர்கள்.