சர்க்கரையும் பழியும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது பதினாறு. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்கிறது. கண் போகும், கிட்னி போகும் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறார். இவனோ இணையத்தில் எதையோ படித்துவிட்டு, "சர்க்கரை பதினோரு சதவீதம்தான், மீதி 89 சதவீதம் வேறு காரணங்கள் என்று ஆய்வே சொல்கிறது" என்று வாதாடுகிறான். எங்கள் உறவினர் ஒருவர் நாற்பது வருடமாக ஊசி போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சாப்பிட்டு, நன்றாகத்தான் இருக்கிறார். சென்ற மாதம் இவன் எழுதும் நோட்டை மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதி எண்கள் பொய். அடித்துவிட்டேன். சர்க்கரை கூடுவது மட்டும்தான் இந்தப் பாதிப்புகளுக்குக் காரணமா? உணவில் எதை நிறுத்துவது? சித்த மருத்துவத்தில் வழி உண்டா?

ச.

அன்புள்ள ச.,

என் சித்தியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, ஏறக்குறைய இதே கேள்வியில் முட்டி நின்றிருந்த சமயத்தில் உங்கள் கடிதம் வந்தது. நான் மருத்துவன் அல்ல. இந்த நோய் இருந்த வீட்டில் வளர்ந்தவன், அதனால் இதைப் பற்றித் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். உணவைப் பற்றி அவனுடைய மருத்துவமனையில் உள்ள உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். சித்த மருத்துவம் பற்றிய பதில் இன்னும் சுருக்கமானது: இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோன உடம்பு அவனுடையது; ஊசியை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் வாசலை மிதிக்காதீர்கள்.

இனி அந்த 89. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, பாதி படித்திருக்கிறான். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 29 மையங்களில், டைப் 1 நோயுள்ள 1441 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, 1983 முதல் 1993 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஓரிரு ஊசிகள். மற்ற குழுவுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகள் அல்லது இன்சுலின் பம்ப். முதல் குழுவின் எச்பிஏ1சி சராசரி ஒன்பதை ஒட்டியும் இரண்டாவதன் சராசரி ஏழை ஒட்டியும் நின்றன. தொடக்கத்தில் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களிடையே, ஏழில் நின்றவர்களுக்கு விழித்திரை நோய் வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. பிறகு 2008இல் அதே ஆய்வின் எண்களை மறுபடி அலசியபோதுதான் அந்தப் பதினோரு சதவீதம் வந்தது: எச்பிஏ1சியும் நோய் வந்து ஆன காலமும் சேர்ந்து, ஆளுக்கு ஆள் விழித்திரை நோயில் காணும் வேறுபாட்டில் சுமார் 11 சதவீதத்தை மட்டுமே விளக்குகின்றன. ஆனால் இரண்டு குழுக்களுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை ஏறக்குறைய முழுவதுமாக விளக்கியதும் அதே எச்பிஏ1சிதான். அந்த வரியை உங்கள் மகன் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு உங்களிடம் சொல்லவில்லை.

ஒரு தெருவில் எல்லா வீட்டின் மேலும் மழை பெய்கிறது. எந்த வீடு ஒழுகியது, எது ஒழுகவில்லை என்பது கூரையைப் பொறுத்தது. அதற்காக ஒழுகிய நீருக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் சொல்வதில்லை.

கூரைகள் வேறுபடுகின்றன என்பது உண்மை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1989இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே குடும்பத்தில் இருவருக்கு நீரிழிவு இருந்த வீடுகளைப் பார்த்தார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தால் அவருடைய உடன்பிறப்பில் 83 சதவீதம் பேருக்கு அதே பாதிப்பின் அடையாளம் இருந்தது. கெடாதவரின் உடன்பிறப்பில் 17 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. பரம்பரைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதே மினசோட்டாவில், கணைய மாற்று செய்துகொண்டு, அதனால் சர்க்கரை இயல்பான எட்டு டைப் 1 நோயாளிகளின் சிறுநீரகத் திசுவைத் தொடர்ந்து சோதித்து 1998இல் எழுதினார்கள். ஐந்து வருடத்தில் மாற்றம் எதுவும் இல்லை. பத்து வருடத்தில், நீரிழிவால் வந்த தடிப்புகள் கரைந்து பின்வாங்கியிருந்தன. அவர்கள் சிறுநீரகத்தில் இருந்த பரம்பரை அப்படியேதான் இருந்தது, மாறியது சர்க்கரை மட்டும். பரம்பரையைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கும் பையனிடம் இந்த எட்டுப் பேரைப் பற்றிச் சொல்லுங்கள்.

உங்கள் உறவினர் விஷயமும் புதிதல்ல. பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையம் ஐம்பது வருடம் இன்சுலினோடு வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறது. அவர்களைச் சோதித்தபோது கணிசமானவர்களுக்குக் கடுமையான பாதிப்பு இல்லை. அவர்களுக்குள் எச்பிஏ1சிக்கும் பாதிப்புக்கும் தொடர்பும் தென்படவில்லை. ஆனால் பதக்கம் வாங்க உயிரோடு இல்லாதவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. தவிர, சிறுநீரகம் தப்பியவர்களின் திசுவில் சர்க்கரையைச் சிதைக்கும் சில நொதிகள் கூடுதலாக இருந்ததை 2017இல் கண்டார்கள். ஆக, அவர்களைக் காத்ததும் சர்க்கரையைக் கையாளும் திறன்தான்.

எனவே உங்கள் கேள்விக்குப் பதில்: சர்க்கரை இல்லாமல் இந்தப் பாதிப்புகள் இல்லை, யாருக்கு, எவ்வளவு விரைவில் என்பதைப் பரம்பரையும் ரத்த அழுத்தமும் இன்னும் சிலவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆனால் இந்தக் கேள்வி என்னை இத்தனை தொந்தரவு செய்வது வேறு காரணத்தால்.

சித்திக்குப் பன்னிரண்டு வயதில் நோய் வந்தது எழுபதுகளில். கோவில்பட்டி வீட்டின் பின்கட்டில் ஒரு ஸ்பிரிட் விளக்கும் சோதனைக் குழாய்களும் இருந்தன. பெனடிக்ட் கரைசலை ஐந்து மில்லி ஊற்றி, சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறமானால் மிக அதிகம். தாத்தா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். செங்கல் நிறமென்றால் அன்றைக்குச் சித்தியோடு யாரும் பேச மாட்டார்கள். அவள் சீக்கிரமே சிறுநீரில் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொண்டாள். எனக்குத் தெரியும், சின்னப் பையன்தானே என்று என் கண் முன்னாலேயே செம்பிலிருந்து ஊற்றுவாள். இருபத்தேழு வயதில் இரண்டு கண்களிலும் ரத்தம் கசிந்து பார்வை போனது. ஆச்சி வருகிறவர்களிடமெல்லாம், "ஒளிச்சு வச்சுத் தின்னா, இப்ப அனுபவிக்கா" என்றாள். சித்தி அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் கரைசல் என்ன சொல்லும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. சித்தி தண்ணீர் கலக்காமல், பட்சணம் தொடாமல், தாத்தா சொன்னபடியே வாழ்ந்திருந்தாலும் நாளுக்கு ஓர் ஊசியையும் அந்த நீல நிறத்தையும் வைத்துக்கொண்டு ஏழுக்கு வந்திருக்க முடியாது. இதை ஊகமாகச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஆய்வில் ஒன்பதில் நின்ற குழுவினர் சொல்பேச்சுக் கேட்காதவர்கள் அல்லர். பெரிய மருத்துவமனைகளின் கவனிப்பில், தாமாக முன்வந்து ஆய்வில் சேர்ந்தவர்கள். வழக்கமான ஊசிமுறை அவர்களுக்குக் கொடுத்தது ஒன்பதுதான். மற்ற குழுவினருக்கு மாதம் ஒரு மருத்துவச் சந்திப்பு, இடையிடையே தொலைபேசி, நாளுக்கு நான்கு முறை விரல் குத்திப் பரிசோதனை. அவர்களிலும் ஆறை ஒட்டிய இலக்கைக் கடைசிவரை தக்கவைத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. மயங்கி விழும் அளவுக்கான லோ சுகர் மூன்று மடங்கானது. ஆய்வு முடிந்து அந்தத் துணை விலகியதும் அவர்கள் சராசரி மெல்ல எட்டுக்கு ஏறியது. படித்த, விரும்பி வந்த, எல்லா வசதியும் பெற்றவர்கள், பெரும்பாலும் பெரியவர்கள் இவர்கள். ஒரு பதினாறு வயதுப் பையனின் எட்டரையை ஒழுக்கக்கேடாகப் பார்க்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

சர்க்கரை மட்டும்தான் காரணம் என்று ஒரு வீடு நம்பிவிட்டால், பார்வை போன நாளில் அது நோயாளியின் மேல் எழுதிய தீர்ப்பாகிவிடுகிறது. அந்த 89 சதவீதம் என் சித்தி போன்றவர்களுக்குச் சேர வேண்டியது. இனிமேல் வாழப்போகிற உங்கள் மகனுக்கு அதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அவனால் கூட்டிக் குறைக்க முடிந்தது அந்த மழையில் தன் பங்கைத்தான். ஒன்று அவனுக்குச் சாதகம்: ஆய்வு முடிந்தபின் இரு குழுக்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றான பிறகும், முன்பு ஏழில் இருந்தவர்களுக்குப் பாதிப்பு வருடக்கணக்கில் குறைவாகவே இருந்தது. இப்போது கிடைக்கும் நல்ல வருடங்கள் பின்னாலும் உதவும்.

நீங்கள் அடித்தது தவறு. அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை இன்னும் திறமையாகப் பொய் எழுதுவான். மருத்துவர் அந்தப் பொய்யை நம்பி இன்சுலின் அளவைத் தீர்மானிப்பார். ஆபத்து அங்கே இருக்கிறது. நோட்டில் 340 என்று கண்டால் முகம் மாறாமல் "ஊசி எவ்வளவு போட்டாய்" என்று மட்டும் கேளுங்கள்.

நோய் வந்து ஏழு வருடமாகிவிட்டது. விழித்திரையையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் ஆண்டுக்கொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும். டைப் 1இல் சிறுநீரகம் கெடத் தொடங்கியவர்களுக்குக் கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை கொடுத்து, மரணமும் டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் சேர்ந்த அபாயத்தைப் பாதியாகக் குறைத்த ஆய்வும் 1993இல்தான் வந்தது. ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால்தான் அதனால் முழுப் பயன். நாற்பது வருட உறவினரையும் இந்தச் சோதனைகளுக்குக் கூட்டிப்போங்கள், நன்றாக இருக்கிறார் என்பதை அப்போது பார்ப்போம்.

மகனுக்கு இதற்கு மேலும் வாதம் இருந்தால் எனக்கே எழுதட்டும். 2008ஆம் ஆண்டுக் கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டு எழுத வேண்டும்.

அன்புடன்