நீராவி அச்சு இயந்திரம் வந்ததுமே செய்தித்தாள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டதா?

இல்லை. நீராவி வந்தது 1814-ல். பிரிட்டனில் ஒரு தொழிலாளி தினமும் காசு கொடுத்துப் பேப்பர் வாங்க இன்னும் நாற்பது வருஷம் ஆனது. எழுத்துக் கோக்கும் வேலை, அதாவது ஈய எழுத்துகளை வரிவரியாக அடுக்கும் வேலை, இயந்திரத்துக்குப் போக எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. இந்தக் கேள்விக்குப் பலரும் அச்சடிக்கும் வேகத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சிறிய அச்சகத்தில் கையால் கோத்துப் பழகியவன் என்பதால் எனக்கு அது போதவில்லை.

வேகம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. கை அச்சில் இரண்டு பேர் முழு மூச்சாக உழைத்தால் மணிக்கு 200, 250 தாள். கோனிக், பாயர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் செய்த நீராவி இயந்திரம் 1,100 தாள் அடித்தது. லண்டன் 'தி டைம்ஸ்' அதை ரகசியமாகப் பொருத்தியது. நவம்பர் 29 அன்று, வெளிநாட்டுச் செய்தி வர வேண்டும், காத்திருங்கள் என்று சொல்லிக் கை அச்சு ஆட்களை உட்கார வைத்தார்கள். காலை ஆறு மணிக்கு உரிமையாளர் ஜான் வால்டர் வந்து, பேப்பர் ஏற்கெனவே நீராவியில் அடித்தாயிற்று என்றார். வேறு வேலை கிடைக்கும்வரை சம்பளம் உண்டு என்றும் சொன்னார்.

ஆனால் விலை இறங்கவில்லை. 1815-ல் பிரிட்டனில் ஒவ்வொரு பிரதிக்கும் அரசு வாங்கிய முத்திரை வரி 4 பென்ஸ். 1836-ல் அது 1 பென்னி ஆனது, 1855-ல்தான் ஒழிந்தது. அதே வருஷம் தொடங்கிய 'டெய்லி டெலிகிராஃப்' சில மாதங்களிலேயே ஒரு பென்னிக்கு விற்றது. அப்புறம் காகிதம். கந்தல் துணியில் செய்துகொண்டிருந்தார்கள், துணி போதவில்லை. 1844-ல் ஜெர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காட்டினார். காகிதம் மலிந்தது. அந்தக் காகிதம் சீக்கிரம் பழுப்பேறி நொறுங்கும் என்பது அதற்குக் கொடுத்த விலை.

எழுத்து வடிவங்களும் மாறின. விளம்பரம் பெருகியதும், தூரத்திலிருந்தே கண்ணில் படும் தடித்த எழுத்துகள் தேவைப்பட்டன. 1820-களின் கடைசியில் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தில் கடைந்து விற்றார். சுவரொட்டிக்கான பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் யார் தூக்குவது?

கோக்கும் வேலைதான் கடைசிவரை மாறாமல் நின்றது. கட்டம் கட்டமாக எழுத்துகள் இருக்கும் பெட்டியான கேஸிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, கையில் பிடிக்கும் சிறு தட்டான ஸ்டிக்கில் அடுக்க வேண்டும். அடித்து முடித்ததும் அத்தனையையும் பிரித்து அதனதன் கட்டத்தில் திரும்பப் போட வேண்டும். வெளியாட்களுக்குத் தெரியாத பாதி வேலை இதுதான். 1886-ல் 'நியூயார்க் டிரிப்யூன்' அலுவலகத்தில் ஓடத் தொடங்கிய மெர்கந்தாலர் என்பவரின் கோக்கும் இயந்திரமான லினோடைப் இந்த இரண்டையும் தீர்த்தது. விசையைத் தட்டினால் அந்த எழுத்தின் பித்தளை வார்ப்பு அச்சு இறங்கும். வரி நிறைந்ததும் உருகிய ஈயம் பாய்ந்து முழு வரியும் ஒரே கட்டியாக வெளியே வரும். பித்தளை அச்சுகளின் தலையில் சாவியைப் போலப் பல் வெட்டியிருக்கும். வார்த்து முடிந்ததும், பற்கள் பிடித்திருக்கும்வரை ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டே போய், தன் இடம் வந்ததும் ஒவ்வொன்றும் தானாக விழும். பிரித்துப் போட ஆளே வேண்டாம். ஓர் எழுத்துப் பிழை வந்தால் முழு வரியையும் மறுபடி வார்க்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

அதுவரை பக்கத்தைக் கூட்டத் திணறிய பல நாளிதழ்கள் அதற்குப் பிறகுதான் தடிக்கத் தொடங்கின.