கையில் பால், இடுப்பில் துப்பாக்கி

அன்புள்ள சார்,

டல்லாஸ் பக்கம் பிளேனோவில் ஆறு வருஷமாக இருக்கிறேன். போன மாதம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். பக்கத்துக் கடையில் பால் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர் கூடையை எடுக்கக் குனிந்தபோது இடுப்பில் துப்பாக்கி தெரிந்தது. ஒளித்தெல்லாம் வைக்கவில்லை, நாலு பேர் பார்க்கத்தான் மாட்டியிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பால் தள்ளுவண்டியிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "சட்டப்படி அவர் செய்தது சரி. கெட்டது செய்ய வருகிறவன் இப்படிக் காட்டிக்கொண்டா வருவான்? நாட்டுக்குப் புதுசு மாதிரி நடந்துகொள்கிறீர்களே" என்று சிரிக்கிறார். எங்களுடையது பட்டிக்காட்டுப் பயமா சார்?

சுமதி

அன்புள்ள சுமதி,

உங்கள் கணவர் சட்டத்தைச் சரியாகத்தான் சொல்கிறார். டெக்சாஸில் 2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, வேறு சட்டத்தடை இல்லாதவருக்கு லைசென்ஸும் வேண்டாம், உறையில் இருந்தால் போதும். ‘நாட்டுக்குப் புதுசு’ என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2014இல் டல்லாஸில் சிலர் ரைஃபிளோடு சிப்போட்லே உணவகத்துக்குள் போனார்கள். தயவுசெய்து துப்பாக்கி கொண்டுவராதீர்கள் என்று அந்தக் கம்பெனி கேட்டுக்கொண்டது. துப்பாக்கி உரிமைக்காகவே இருக்கிற தேசிய ரைஃபிள் சங்கம்கூட, இதெல்லாம் விநோதமாக இருக்கிறது என்று தன் தளத்தில் எழுதிவிட்டது. பிறகு உரிமைக்காரர்கள் சண்டைக்கு வர, ஏதோ ஒரு ஊழியர் எழுதியது என்று நழுவியது வேறு விஷயம். இவர்களெல்லாம் மதுரையிலிருந்து வந்திறங்கியவர்கள் இல்லையே.

அம்மாவும் துப்பாக்கியே பார்க்காதவராக இருக்க மாட்டார். நம் ஊர் வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு காவலர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். யாராவது பயப்படுகிறோமா? அவரிடம்தான் பேனா கேட்போம். என் அப்பா பென்ஷன் எடுக்கப் போனால், துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே சாய்த்து வைத்துக்கொண்டு, அந்தக் காவலரே சலானை நிரப்பித் தருவார். "கண்ணாடி கொண்டுவரலியா சார்?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார். அந்தத் துப்பாக்கி எதற்கு அங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். பால் வரிசையில் நின்ற துப்பாக்கி எதற்கு? அதை மாட்டியவருக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவர் நாலைந்து நொடிக்குள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஊகம் லேசுப்பட்டது இல்லை. 2015 அக்டோபர் 31 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒருவன் ரைஃபிளோடு தெருவில் நிற்பதைப் பார்த்து ஒரு பெண் 911 என்ற அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தார். இந்த மாநிலத்தில் அப்படி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறதே என்று எதிர்முனையில் இருந்தவர் விளக்கினார். கொஞ்ச நேரத்தில் அவன் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். காட்டிக்கொண்டா வருவான் என்ற கேள்விக்கு இது ஒரு பதில். மறுபக்கமும் உண்டு. 2019 ஆகஸ்டில், டெக்சாஸின் எல் பாசோ ஊரில் வால்மார்ட் கடையில் துப்பாக்கிச்சூட்டுப் படுகொலை நடந்து ஐந்தே நாளில், மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் 20 வயதுப் பையன் ஒருவன் குண்டு துளைக்காத சட்டை போட்டு, ரைஃபிளோடு இன்னொரு வால்மார்ட்டுக்குள் தன்னையே படம் எடுத்துக்கொண்டு நடந்தான். தன் உரிமையை மதிக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தானாம்! மேனேஜர் தீயணைப்பு மணியை அடித்துக் கூட்டத்தை வெளியேற்றினார். அவன் ஒருவரையும் சுடவில்லை. இவனையும் கொலராடோக்காரனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், யார் சுடுவான் என்று அம்மாவால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

துப்பாக்கியைப் பார்த்து ஒன்றும் தெரியாதபோது மனிதர்கள் ஆளைப் பார்க்கிறார்கள். இங்கேதான் எனக்கு வயிறு கலங்குகிறது. 2014 ஆகஸ்டில் ஒஹாயோவில், ஜான் கிராஃபர்ட் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர் வால்மார்ட் அலமாரியில் விற்பனைக்கு இருந்த ஏர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போனில் பேசியபடி நடந்தார். ஒருவர் 911க்குச் சொல்ல, போலீஸ் வந்த வேகத்தில் சுட்டுவிட்டது. அந்தக் களேபரத்தில் ஓடிய ஒரு பெண்மணி மாரடைப்பில் இறந்தார். ஒஹாயோவும் வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற மாநிலம்தான். இது புதுக்கதையும் இல்லை. 1967 மே மாதம் பிளாக் பேந்தர் என்ற கறுப்பின உரிமை இயக்கத்தார் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அந்த வருஷமே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோகத் தடை வந்தது. கையெழுத்துப் போட்ட கவர்னர், பிறகு ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்!

முன்னால் நின்றவர் எப்படி இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். உங்கள் கணவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நம் நிறத்தில், நாலு நாள் தாடியோடு, அவரே அந்த உறையை மாட்டிக்கொண்டு அதே வரிசையில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் சட்டத்தை நினைப்பார்களா, போனை எடுப்பார்களா?

பட்டிக்காட்டுப் பயம் இல்லை, சுமதி. அம்மா செய்ததும் சரிதான். சந்தேகம் வந்தால் பாலை விட்டுவிட்டு வெளியே வருவதில் ஒரு அவமானமும் இல்லை. அடுத்த தடவை கடை வாசல் கண்ணாடியைப் பாருங்கள். லைசென்ஸ்காரர்கள் வெளியே தெரியும்படி கொண்டுவரக் கூடாது என்றால் 30.07 என்று எண் போட்ட பலகை இருக்கும். மறைத்தும் கொண்டுவரக் கூடாது என்றால் 30.06. லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு 30.05. முதல் இரண்டிலும் எழுத்து ஒரு அங்குல உயரமாவது இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாவுக்கு இரண்டு மொழியும் தெரியாவிட்டால் பரவாயில்லை. பெரியார் நிலையத்தில் நம்பர் பார்த்தே பஸ் ஏறிப் பழகியவராகத்தான் இருப்பார். 30.07, 30.05 இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், எந்தக் கடைக்குள் போகலாம் என்று அவரே உங்களுக்குச் சொல்வார்.