சைவம் சாப்பிடுகிறவருக்கு நாடாப்புழுக் கட்டியா?

முடி உதிர்வு, மலச்சிக்கல், சாயங்காலமானால் அசதி. இவற்றுக்கும் உங்கள் கையில் இருக்கிற நாடாப்புழுக் கட்டிக்கும் சம்பந்தமில்லை அம்மா, விட்டுவிடுங்கள். மன்னார்குடியிலிருந்து நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: "கையில் இருப்பது மூளையிலும் இருக்குமா?"

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் பார்க்காமலேயே மெடிக்கல் ஷாப்பில் அல்பெண்டசோல் வாங்கி மூன்று நாள் போட்டீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரைதானே என்று நினைத்திருப்பீர்கள். குடலில் புழு செத்தால் வெளியே போய்விடும். கண்ணுக்குள்ளோ மூளையிலோ செத்தால் அந்த இடம் வீங்கும். பார்வை போகலாம், வலிப்பு வரலாம். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். முதலில் கண் டாக்டர் விழித்திரையைப் பார்க்கட்டும், அப்புறம் தலைக்கு ஸ்கேன், மாத்திரை வேண்டுமா என்பது அதற்குப் பிறகு.

கையில் இருப்பது என்ன என்பதில் சந்தேகம் குறைவு. தசைக்குள் கறுப்பாக ஒரு நீர்ப்பை, அதன் ஓரத்தில் ஒட்டிய வெள்ளைப் புள்ளி என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். ஒற்றைக் கட்டிக்கு அது பல சமயம் அப்படித்தான் வரும். விட்டுவிட்டு வலிப்பது பெரும்பாலும் புழு சாகத் தொடங்குவதால். செத்துச் சுண்ணாம்பாகிப்போனவை எக்ஸ்ரேயில் நெல்மணி மாதிரி தெரியும். தோள்வலிக்குப் படம் எடுக்க வந்தவர்களிடம் தற்செயலாகப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் காத்திருக்கக்கூடாத அறிகுறிகளில் முக்கியமானது வலிப்பு. கீழே விழுந்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்றில்லை. ஒரு பக்கத்து விரல்கள் தானாகத் துடிக்கும், வாய் கோணும், ஒரு நிமிடம் பேச்சு வராது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து சமையல் வேலையைப் பார்ப்பார்கள். அதுவும் வலிப்புதான். கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு நிற்காமல், அன்றைக்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சைவக் குடும்பத்தில் எப்படி வந்தது என்று கூகுளில் தேடி அழ வேண்டாம். சரியாக வேகாத பன்றி இறைச்சி சாப்பிட்டவருக்குக் குடலில் புழு வளரும். கட்டி வருவது அந்தப் புழுவின் முட்டையால். அது மலத்தோடு வெளியே வந்து, கழுவாத கை வழியாகவோ வாய்க்கால் தண்ணீர் பட்ட கொத்தமல்லி வழியாகவோ யார் வயிற்றுக்கும் போகும். அதனால் வீட்டில் எல்லோரும், சமைக்க வருகிற அம்மாவும் சேர்த்து, மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.